நட்டை முதலில் கோத்துவிடு

காக்கி புக்கிட், மூன்றாவது மாடி.
சரிவில் ஏறி வந்து நின்ற பழைய டட்சனைச் சுற்றி
பெட்ரோல் வாடை.
அடியில் தவழ்ந்து பார்த்தேன்:
டேங்கிலிருந்து முன்னால் ஓடும் இரும்புக் குழாய்
துருவுக்குள் வியர்த்திருந்தது.
தொட்ட விரலை முகர்ந்ததும் தெரிந்தது,
ஒட்டுப்போட்டு ஏமாற்ற முடியாது.
முழு லைனும் புதிதாய் வளைக்க வேண்டும்.

வளைத்துவிடலாம். வாய்?
குழாயின் வாயை விரிக்கும் கருவி
ஹைருலிடம் போய்விட்டது.

பங்கு பிரித்த அன்று
எல்லாவற்றையும் தரையில் கொட்டி
ஆளுக்கொன்றாய் எடுத்தோம்.
அவன் ஹைட்ராலிக் பெட்டியை எடுத்தான்.
நான் கம்ப்ரஸரை எடுத்துக்கொண்டு
என்னைக் கெட்டிக்காரி என்று நினைத்தேன்.

ஜாலான் புசார் கடையில்
திருமதி ஆங் மூன்றை எடுத்து வைத்தார்.
முதலாவது பதினெட்டு வெள்ளி:
இரண்டு தாடை, ஒரு நுகம், ஒரு திருகு.
"செம்புக்கு ஓகே லா. ஸ்டீல் என்றால் அழும்."
அழுவது குழாயா நானா
என்று கேட்கவில்லை.
இரண்டாவது, வைஸில் பிடித்து அழுத்துவது.
நல்ல கனம், நல்ல பிடி,
ஆனால் நாற்பத்தைந்து பாகை மட்டும்.
டட்சன்காரர் ஆசைப்பட்டு மாட்டிய புதுப் பம்பின் மூட்டோ
முப்பத்தேழு.
எட்டு பாகை என்ன பெரிய எட்டு?
கண்ணுக்குத் தெரியாது.
பெட்ரோலுக்குத் தெரியும்.
மூன்றாவதின் விலையைக் கேட்டேன்.
பட்டறை வாடகை, ஜூன் மாத மின்கட்டணம்
எல்லாம் வரிசையாய் நினைவுக்கு வந்தன.
பதினெட்டு வெள்ளியை எண்ணி வைத்தேன்.

ஆறு முறை விரித்தேன்.
ஒன்று கோணிச் சிரித்தது.
ஒன்றில் தாடைப் பற்களின் தழும்பு.
ஒன்று பூப்போல் வந்ததே என்று
விளக்கில் திருப்பிப் பார்த்தால்
இதழோரம் மயிரிழை விரிசல்.
மற்ற மூன்றைப் பற்றிப் பேச விருப்பமில்லை.
குழாய் அங்குலம் அங்குலமாய்
குப்பைத் தகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

இன்ஜின் பக்கத்து முனையை மட்டும் முடித்தேன்.
அங்கே ரப்பர் ஹோஸ் ஏறும்; விரிவு வேண்டாம்.
கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய புடைப்பு போதும்,
கிளாம்ப்புக்கு முன்னால் ஹோஸ் வழுக்காமலிருக்க.
அந்தச் சின்னக் கருவி என்னிடம் இருக்கிறது.
"இது என்ன, நகவெட்டியா?" என்று
ஹைருல் என் பக்கம் தள்ளிவிட்டது.
பிடியைச் சுற்றச் சுற்ற
உலோகம் உள்ளிருந்து தானாய் அரும்பியது.

பிறகு, எட்டு மாதத்தில் முதல் முறையாய்,
அவனை அழைத்தேன்.
நலமா என்று கேட்கவில்லை.
"எந்தக் குழாய்?"
"ஸ்டீல்."
"அதை ஏன் கையால் திருகினாய்?"
திருகியதை நான் சொல்லவே இல்லை.

மழையில் நனைந்த பெட்டியோடு வந்தான்.
வாடகை இருபது வெள்ளி என்றான், சிரிக்காமல்.
முனையை அரத்தால் சமன் செய்தேன்,
உள்விளிம்பின் பிசிறைச் சுரண்டினேன்,
ஒரு சொட்டு எண்ணெய்.
அவன் நெம்பினான்.
கொட்டாவி விடுவதுபோல்
நிதானமாய், வட்டமாய் விரிந்தது வாய்.
கீறல் இல்லை, கோணல் இல்லை.
இருவரும் மாறி மாறி வெளிச்சத்தில் பிடித்து ரசித்தோம்.

மேசைமேல் இருந்தது நட்.
குழாயில் கோக்காத நட்.
விரிந்த வாய்க்குப் பின்னால்
இனி எந்தப் பக்கமும் நுழையாது.
மறுமுனையிலோ என் அழகிய புடைப்பு.

யார் மறந்தது என்று பேசிக்கொண்டே
வெட்டினோம்.
மறுபடி அரம், மறுபடி எண்ணெய்.
இந்த முறை நட்டையும் ஸ்லீவையும் கோத்து
விழாமல் இரண்டு விரலால் பிடித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது, படியருகே நின்று,
ஒரு வண்டியில் ஹோஸ் கழன்றுகொண்டே இருக்கிறது,
அந்த நகவெட்டியைக் கொடு என்றான்.
இருபத்தைந்து, என்றேன்.

காலையில் வந்து
காருக்கடியில் விரித்த அட்டையை இழுத்தேன்.
காய்ந்திருந்தது,
ஓரத்தில் ஒரு பழுப்பு வட்டம் தவிர.
நெஞ்சு திக்கென, குனிந்து முகர்ந்தேன்.
கோப்பி.
அவன் டம்ளர் வைத்த இடம்.